சிறிய அமைப்பின் இணையதளத்துக்கு வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல் மூன்றில் எது நல்லது?

இணையதளம் நடத்த உதவும் இந்த மென்பொருள்கள் மூன்றும் இலவசம், மூன்றும் திறமூலம் (நிரல் எல்லோருக்கும் திறந்தது), எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டத்தில் யாரோ "அவருக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்று உங்களைக் கைகாட்டியிருப்பார்கள். எனக்கும் இந்த வேலை அப்படித்தான் வந்து சேர்ந்தது.

2009-இல் எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் மாத இதழுக்கு ஜூம்லா 1.5-ஐ நிறுவினேன். அந்தப் பதிப்பில் கட்டுரைகளைப் பிரிவு, அதற்குள் வகை என்று இரண்டே அடுக்கில்தான் அடுக்க முடியும். பலர் அதைக் குறையாகச் சொன்னார்கள். எனக்கோ அளவெடுத்துத் தைத்த சட்டை: ஆண்டு பிரிவு, மாதம் வகை.

அடுத்த பதிப்பான 1.6-இல் அந்த அடுக்கு முறையையே எடுத்துவிட்டார்கள். தரவுத்தளம் மாறியது, தளத்துக்குத் தோற்றம் தரும் டெம்ப்ளேட்டும் கூடுதல் வசதி தரும் நீட்சிகளும் புதிதாக வேண்டும். பொத்தானை அழுத்தினால் நடக்கிற வேலை இல்லை, வீட்டைக் காலிசெய்து குடிபோகிற வேலை. தீபாவளி மலர் முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளிப்போட்டேன். 2012-இல் 1.5-க்கான ஆதரவு நின்றது, அதாவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க இனி யாரும் இல்லை. அடுத்த ஆண்டு யாரோ தளத்துக்குள் புகுந்துவிட, எங்கள் இதழைக் கூகுளில் தேடியவர்களுக்கு ஆண்மை மாத்திரை விளம்பரம் வந்தது. வட்டத்தின் தலைவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அதை முதலில் பார்த்தது அவருடைய பேத்தி. இதற்கு மேல் விவரிக்க விரும்பவில்லை. ஹோஸ்டிங் நிறுவனம் கொடுத்த காப்புநகலிலும் அதே நஞ்சு இருந்தது.

ஜூம்லா அன்பர்கள் உடனே பாய வேண்டாம். தள்ளிப்போட்டது என் தவறுதான். மூன்றாம் பதிப்புக்குப் பிறகு அங்கே மேம்படுத்துவது எவ்வளவோ எளிதாகிவிட்டது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தளம் வேண்டுமென்றால் இன்றும் ஜூம்லாவைத்தான் சொல்வேன். பன்மொழி வசதி அதன் உள்ளேயே இருக்கிறது, வேர்ட்பிரஸில் அதற்கு ஒரு செருகுநிரல் (கூடுதல் வசதி தரும் இணைப்பு நிரல்) தேட வேண்டும். ட்ரூபல் சக்தி வாய்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதன் 7-ஆம் பதிப்பிலிருந்து 8-க்குப் போனவர்கள் தளத்தை ஏறக்குறைய மறுபடி கட்டினார்கள். முழுநேர நிரலாளர் இல்லாத இடத்தில் அது யானை வளர்க்கிற கதை.

நான் வேர்ட்பிரஸுக்கு மாறினேன். அங்கேயும் அடி விழுந்தது, அதுவும் தமிழால். தலைப்பிலிருந்து அது உருவாக்கும் முகவரித் துண்டுக்கு, அதாவது பக்கத்தின் இணைய முகவரியில் கடைசியாக வரும் பகுதிக்கு, 200 எழுத்துதான் இடம். முகவரிக்காகக் குறிமாற்றும்போது ஒவ்வொரு தமிழ் எழுத்தும், கால், கொம்பு போன்ற துணைக்குறியும் அதில் ஒன்பது இடத்தை விழுங்குகிறது. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனியாக ஒன்பது. "எங்கள் ஊர்க் குளங்கள் பகுதி 1" என்று தொடங்கிய தொடரின் முகவரி "எங்கள்-ஊர்க்-குளங்கள்-பக" என்று அறுந்து நின்றது. அடுத்த பகுதிகளுக்கு அதுவாகவே பக-2, பக-3 என்று எண் போட்டுக்கொண்டது. நான் பகுதிகளை வரிசை தவறி ஏற்றியிருந்ததால் ஐந்தாம் குளத்தைச் சொடுக்கினால் மூன்றாம் குளம் வந்தது. ஆகவே முதல் நாளிலிருந்தே முகவரித் துண்டை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நீங்களே கொடுங்கள். "தமிழை ஒதுக்குகிறான்" என்று யாராவது கிளம்புவார்கள். அவர்கள் வந்து அறுபது இணைப்புகளைச் சரிசெய்து தரட்டும்.

வேர்ட்பிரஸ் போதும் உங்களுக்கு. செருகுநிரல்களைக் கைவிரல் எண்ணிக்கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காப்புநகலை உங்கள் கணினியிலும் மாதம் ஒருமுறை இறக்கி வையுங்கள்.

உண்மையில் என் நேரத்தைத் தின்றது மென்பொருளே அல்ல. ஒருங்குறி (யூனிகோட்) வந்து இத்தனை காலமாகியும் பாதிக் கட்டுரைகள் அதற்கு ஒத்துவராத பழைய பாமினி எழுத்துருவில் வருகின்றன. மாற்றி எடுத்தால் ஒற்றுப்பிழை என் தலையில் விழுகிறது. போன மாதம் ஒரு கவிஞர் கையால் எழுதிய நான்கு பக்கத்தை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பி, கீழே "தம்பி, இதை அப்படியே ஏற்றிவிடுங்கள், ஐந்து நிமிட வேலைதானே" என்று எழுதியிருந்தார். மூன்றாம் பக்கம் தலைகீழாக இருந்தது.