வரும் வருஷத்துக்கு என்ன வரையலாம்? வடசென்னை ஓவியர்களுக்குக் கேள்வி பதில்

ராயபுரம் முதல் எண்ணூர் வரை படம் வரைகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வேலை சிதறாமல், இருக்கிற ஊரிலும் கிடைக்கிற நேரத்திலும் காலூன்றி ஒரு வருஷம் வரைவது எப்படி என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். நீர்வண்ணத்திலும் சுவர் ஓவியத்திலும் நீண்ட பழக்கமுள்ள ஓவியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

ராயபுரம்: போன வருஷம் நாப்பது படம் போட்டேன் அக்கா. பிள்ளையார், பாட்டி முகம், பழைய கார், பூ, எல்லாம் இருக்கு. ஒண்ணா வச்சுப் பார்த்தா பத்து பேர் போட்ட மாதிரி தெரியுது. எங்கே ஆரம்பிக்கிறது?

நாற்பதையும் தரையில் பரப்புங்கள். நன்றாக வந்தது எது என்று தேட வேண்டாம். "இதை இன்னொரு தடவை போட ஆசையா இருக்கு" என்று தோன்றுகிறவற்றை மட்டும் தனியே எடுங்கள். ஆறோ எட்டோதான் தேறும். அவற்றில் திரும்பத் திரும்ப வருவது என்ன என்று பாருங்கள்: பொருளா, வெளிச்சமா, பார்க்கும் தூரமா? அதை ஒரே வரியில் எழுதுங்கள். அந்த வரியில் ஓர் இடமும் ஒரு நேரமும் இருக்கட்டும். "வடசென்னை வாழ்க்கை" என்று எழுதினால் அதை வைத்து ஒரு படம்கூடத் தொடங்க முடியாது. "1856ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள், சாயங்காலம் நாலரை முதல் ஆறு வரை" என்று எழுதினால் நாளைக்கே போய் உட்காரலாம்.

அடுத்து, பொருள், அளவு, வண்ணம், ஊடகம் என்ற நாலில் மூன்றைக் கட்டிப்போடுங்கள், ஒன்றை அவிழ்த்து விடுங்கள். உதாரணமாக 22க்கு 30 அங்குல முழுத்தாளை நாலாக வெட்டினால் 11க்கு 15 கிடைக்கும். அந்த ஒரே அளவு, அதே ஐந்து வண்ணம், நீர்வண்ணம் மட்டும். பொருள் உங்கள் இஷ்டம். நாலையும் கட்டினால் எட்டாவது படத்தில் கை சலித்துவிடும். இரண்டை அவிழ்த்தால் போன வருஷக் கதைதான். பலரும் முதலில் "பாணி"யைப் பிடிக்கப் போகிறார்கள், அதனால்தான் ஒன்றும் பிடிபடுவதில்லை. இருபது படம் ஒரே கட்டுக்குள் போட்ட பிறகு பாணி தானே தெரியும்.

காசிமேடு: ஜனவரியில பிளான் போடுறேன், மார்ச்சுல நின்னு போகுது. வேலை ஹார்பர்லதான். எப்படிப் பிரிக்கிறது?

காலண்டரை விட்டுவிட்டுத் துறைமுகத்தின் கணக்கைப் பிடியுங்கள் தம்பி. உங்களுக்குக் கிடைத்திருக்கிற பெரிய வசதி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகுகள் நகராது. மற்ற மாதங்களில் படகு நிற்கும் நேரமே குறைவு, நின்றாலும் ஆடிக்கொண்டிருக்கும். தடைக்காலத்தில் கரையேற்றிச் சுரண்டி, பலகை மாற்றி, பெயின்ட் அடிப்பார்கள். படகின் அடிப்பகுதி முழுசாகக் கண்ணுக்குத் தெரிவது அப்போதுதான். ஒரே படகை ஒரே இடத்தில் உட்கார்ந்து வாரம் ஒருமுறை வரைந்தால் ஒன்பது படம் வரும்: சுரண்டியது, மரம் தெரிவது, பிரைமர், முதல் பூச்சு, பெயர் எழுதுவது வரை. தொடர் என்பதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. காலை ஐந்தே முக்காலுக்குப் போய் எட்டுக்குள் எழுந்துவிடுங்கள். மே 4ஐ ஒட்டிக் கத்திரி தொடங்கிவிட்டால் எட்டரைக்கு மேல் தூரிகையில் எடுத்த தண்ணீர் தாளுக்குப் போகும் முன்பே காய்கிறது. பூச்சு விளிம்பு விளிம்பாக நின்றுவிடும்.

ஜூன் பாதியில் படகு கடலுக்குப் போனதும் ஏலம். அங்கே ஆள் நிற்க மாட்டார்கள், ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் என்று வைத்துப் பென்சிலில் மட்டும் எடுங்கள். கூடை தூக்கும் தோள், தராசு பிடிக்கும் கை என்று உறுப்பு உறுப்பாக எடுத்தால் போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். வெளியே போவதாகத் திட்டமே போடாதீர்கள். சேர்த்த பென்சில் குறிப்புகளை வீட்டுக்குள் படமாக்கும் காலம் அது. தை பிறந்ததும் வெளிச்சம் சாய்வாக, தெளிவாக வரும். ஜனவரி முதல் மார்ச் வரை வெளியே உட்கார இந்த ஊரில் இதைவிட நல்ல காலம் கிடையாது. நாலு பருவமும் சமமாக இருக்காது, சமமாக்கவும் வேண்டாம்.

கொருக்குப்பேட்டை: ஷிப்ட் வேலை. வருஷத்துக்கு ஐம்பது படம்னு எழுதி வச்சிருக்கேன். முடியுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 52 வாரத்தில் பண்டிகை, கல்யாணம், காய்ச்சல், தண்ணீர் தேங்கும் நாள் என்று 12 போனால் 40. வாரம் இரண்டரை மணி நேரமாக இரண்டு தடவை என்றால் 200 மணி. தாள் ஒட்டுவது, கழுவுவது, படம் பிடிப்பது என்று மூன்றில் ஒரு பங்கு போகும். மிச்சம் சுமார் 135. இனி உங்கள் கடைசி மூன்று படத்துக்கு உண்மையில் ஆன நேரத்தைக் கூட்டி மூன்றால் வகுங்கள். வேகமாக முடித்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு பொய்யாகும். சராசரி 7 மணி என்றால் 19 படம். அதில் நாலைந்து கெடும், கெடவும் வேண்டும். ஆகவே 14. ஐம்பது என்று எழுதியிருந்தால் ஜூனில் பின்தங்கியிருப்பீர்கள், ஆகஸ்டில் விட்டுவிடுவீர்கள். 14 என்று மாற்றி எழுதுங்கள்.

வியாசர்பாடி: 24 கலர் செட் இருக்குக்கா. ஆனா எதைக் கலந்தாலும் சேறு மாதிரி வருது.

மாணவர் செட்டில் பல டியூப்புகள் ஏற்கெனவே இரண்டு மூன்று நிறமிகள் கலந்தவை. அப்படி இரண்டு டியூப்பைக் கலந்தால் ஐந்தாறு நிறமி சேர்ந்து சேறாகும். டியூப்பின் பின்பக்கம் நிறமி எண் இருக்கும், அது ஒன்றே ஒன்றாக இருப்பதை வாங்குங்கள். அல்ட்ராமெரைன் நீலம் (பி.பி. 29), பர்ன்ட் சியன்னா (பி.பி.ஆர். 7), யெல்லோ ஓக்கர் (பி.ஒய். 43), குவினாக்ரிடோன் ரோஸ் (பி.வி. 19), தாலோ நீலம் (பி.பி. 15). இந்த ஐந்து ஒரு வருஷத்துக்குப் போதும்.

கறுப்பு வாங்காதீர்கள். அல்ட்ராமெரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் வரும் கருஞ்சாம்பல்தான் நம்ம பக்கத்து நிறம்: தண்டவாளம், லாரி டயர், மழை மேகத்துக்குக் கீழே கடல். நீலம் கூடினால் குளிரும், சியன்னா கூடினால் துரு ஏறும். எல்லாப் படத்திலும் நிழல் இந்த ஒரு கலவையிலிருந்து வந்தாலே பாதி ஒற்றுமை வந்துவிடும். அலிசரின் கிரிம்சன் (பி.ஆர். 83) வெளிச்சத்தில் வெளுக்கும், அதற்குப் பதில்தான் குவினாக்ரிடோன். சந்தேகமான வண்ணத்தை ஒரு தாள்பட்டையில் பூசி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒட்டி வையுங்கள். மூடியை எடுத்தால் தெரிந்துவிடும்.

திருவொற்றியூர்: கடல் ஓரம் வீடு. மழைக்காலத்துல தாள்ல பழுப்புப் புள்ளி, கலர் திட்டுத் திட்டா உறிஞ்சுது.

இரண்டும் ஈரத்தால் வருவது. புள்ளி பூஞ்சையின் வேலை. திட்டு வருவது தாளின் மேல் இருக்கும் பசைப்பூச்சு (சைஸிங்) போய்விட்டதால். அந்த இடம் ஒற்றுத்தாள் மாதிரிக் குடிக்கும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) ஒரு கோட் அடித்து அக்ரிலிக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

புதுத் தாளை செப்டம்பருக்குள் வாங்கி, தடித்த பாலிதீனில் சிலிக்கா ஜெல் பையுடன் சுற்றி, வெளிச்சுவரை ஒட்டாத பீரோவில், அடித்தட்டை விட்டு மேல்தட்டில் படுக்கையாக வையுங்கள். சுருட்ட வேண்டாம். நீல ஜெல் ரோஸ் நிறமானால் ஈரம் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். சமைக்காத பழைய சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் திரும்ப நீலமாகும். பிரேம் போடும்போது கண்ணாடி தாளில் படாமல் இடையில் மவுன்ட் (அட்டைச் சட்டம்) வையுங்கள், பின்னால் கீழ் மூலைகளில் ரப்பர் பொட்டு ஒட்டிச் சுவருக்கும் பிரேமுக்கும் இடைவெளி விடுங்கள். இரும்பு ஆணி உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தாளில் இறங்கும், பித்தளை வாங்குங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை: கையால போர்டு எழுதுறேன். இந்த வருஷம் சொந்தமா ஒரு சுவர் செய்யணும். எனாமல் போதுமா?

வெளிச்சுவருக்கு எனாமல் வேண்டாம் அண்ணே. சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் கொப்புளம் விடும். எக்ஸ்டீரியர் அக்ரிலிக் எமல்ஷன் எடுங்கள். கோடும் எழுத்தும் உங்கள் கைக்குப் பழக்கம், அது அப்படியே வரும்.

புதுப் பூச்சு என்றால் 28 நாள் விடுங்கள். பழைய சுவர் என்றால் பூத்த உப்பை வறண்ட பிரஷ்ஷால் தட்டித் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிறகு பிரைமர். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போய் அடுத்த மாதமே பூக்கும். தரையிலிருந்து இரண்டு மூன்றடி வரை எப்படியும் ஈரம் ஏறும். அந்தப் பகுதியில் முகம், கை எதுவும் வராமல் ஒரே நிறப் பட்டையாக விட்டுவிடுங்கள், உரிந்தால் அதை மட்டும் திரும்ப அடிக்கலாம். 10க்கு 20 அடி சுவருக்கு இரண்டு கோட் பின்னணிக்குச் சுமார் நாலு லிட்டர் ஆகும். வரைவில் ஓர் அங்குலம், சுவரில் ஓர் அடி என்று கட்டம் போடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் முடித்துவிடுங்கள். சுவர்க்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் பிரஷ்ஷைத் தொடாதீர்கள்.

எண்ணூர்: ஆறு, சாம்பல், மீனவர் வாழ்க்கை, இதைத்தான் வரையணும்னு இருக்கேன். வெளியாள் பார்வையா ஆயிடுமோன்னு பயம்.

பயம் நல்லது. கொசஸ்தலையாறு கடலோடு சேரும் கழிமுகம் அது. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெயும் அந்தக் கரையில் படிந்தவை. படம் பார்க்க வருகிறவர்களின் வலையும் படகும் அதில் நனைந்தவை. அதனால் ஒரு தடவை போய் போட்டோ எடுத்து வந்து பன்னிரண்டு படம் போடுவது வேண்டாம். மாதம் ஒரு நாள், அதே இடம், அதே கண்மட்டம், அதே அளவுத் தாள். ஓரத்தில் தேதி, மணி, தண்ணீர் ஏறுகிறதா வடிகிறதா என்று குறியுங்கள். பன்னிரண்டையும் வரிசையாக மாட்டினால் நீர்மட்டமும் கரையின் நிறமும் மாறுவது தானே பேசும். அலையாத்தியின் வேர், தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள், இதையெல்லாம் வரைய உட்காரும் முன் கேளுங்கள், முடிந்ததும் காட்டுங்கள். பெயர்களை அவர்கள் சொல்லும்படி எழுதுங்கள். முதல் காட்சி அங்கேயே, வலை பின்னும் கொட்டகையில் நடக்கட்டும். தவறு இருந்தால் அங்கேதான் திருத்துவார்கள். துறைமுக, மின்நிலைய வளாகத்தின் வாசலில் உட்கார்ந்து வரைவதைத் தவிருங்கள்.

பெரம்பூர்: தினமும் இன்ஸ்டாவுல போடணுமா?

வேண்டாம். பத்து நாளைக்கு ஒன்று போதும். தொடர் பாதி தாண்டும் வரை விருப்பக்குறிகளைப் பார்த்துப் பொருளை மாற்றாதீர்கள்.

தண்டையார்பேட்டை: விலை எப்படி வைக்கிறது? கிரீம்ஸ் ரோடு லலித் கலா மாதிரி இடத்துல காட்ட என்ன தயார் பண்ணணும்?

தொடர் முழுக்க ஒரே கணக்கு. சதுர அங்குலத்துக்கு 12 ரூபாய் என்று வைத்தால் 11க்கு 15க்கு 1,980, 15க்கு 22க்கு 3,960. பிரேம் செலவு தனி. உங்களுக்குப் பிடித்த படம் என்று ஒன்றுக்கு மட்டும் ஏற்றினால் வாங்குகிறவர் குழம்புவார்.

காட்ட 10 முதல் 12 படம் போதும். முடித்த அன்றைக்கே வருஷமும் வரிசை எண்ணும் பின்னால் பென்சிலில் எழுதி, நோட்டில் பெயர், அளவு, ஊடகம், விலை பதியுங்கள். போட்டோவை மொட்டை மாடி நிழலில், தாளும் போனும் இணையாக இருக்க எடுங்கள். நேர் வெயிலில் எடுத்தால் நீலம் வெளுக்கும், ட்யூப்லைட்டில் எடுத்தால் பச்சை ஏறும். அரங்கு கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம், ஆகவே ஐந்தாவது படம் முடிந்ததும் விசாரியுங்கள்.

புளியந்தோப்பு: பாதி வருஷத்துல அந்தப் பொருளே சலிச்சுப் போச்சுன்னா?

ஏழு, எட்டாவது படத்தில் எல்லோருக்கும் சலிக்கும். பொருளை மாற்றும் முன் மூன்றைச் செய்து பாருங்கள். அதே இடத்துக்கு வேறு நேரத்தில் போங்கள். அதே காட்சியைப் பாதி தூரத்திலிருந்து வரையுங்கள். ஒரு படத்தை இரண்டே வண்ணத்தில் போடுங்கள். மூன்றும் முடிந்து, இரண்டு வாரம் தூரிகையைத் தொடாமல் இருந்தும் கை போகவில்லை என்றால், அதுவரை போட்ட எட்டை முடிந்த தொடராக எண் போட்டுக் கட்டி வைத்துவிடுங்கள். அடுத்ததை அதே அளவுத் தாளில், அதே ஐந்து டியூப்பில் தொடங்குங்கள்.