மூன்று டார்க் கிரே, எதை அடிப்பது?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். படுக்கையறையில் கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் டார்க் கிரே அடிக்க ஆசை. ஷேட் கார்டில் மூன்றை எடுத்து வைத்திருக்கிறேன். "எல்லாம் ஒண்ணுதானே" என்கிறார் கணவர். ஜன்னல் வடக்குப் பார்த்தது. எதை எடுப்பது?

பதில்: கார்டில் ஒன்றுபோல் இருப்பவை சுவருக்குப் போனதும் தனித்தனியாகிவிடும். மூன்றையும் ஒரு வெள்ளைத் தாளின் மேல் நெருக்கி வைத்து, பகலில் ஜன்னலோரம் பாருங்கள். ஒன்றில் நீலம் எட்டிப் பார்க்கும், ஒன்றில் பச்சை, இன்னொன்றில் பழுப்பு. நீங்கள் தேர்ந்தெடுக்கப் போவது கிரேயை அல்ல, அதற்குள் இருக்கும் இந்த நிறத்தைத்தான்.

வடக்கு ஜன்னலில் ஆண்டின் பெரும்பகுதி நேர் வெயில் விழாது. வருவது வானத்து வெளிச்சம், அதுவே கொஞ்சம் நீலம். அதில் நீலச் சாயல் கிரே இன்னும் நீலமாகிவிடும். எதிர்க் கட்டடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் (மும்பையில் எங்கேதான் இல்லை?) அதன் பெயின்ட் நிறமும் உள்ளே வரும்.

சாம்பிள் டப்பா வாங்கி, சுவரில் அல்ல, பெரிய வெள்ளை சார்ட்டில் இரண்டு கோட் அடியுங்கள். ஓரத்தில் வெள்ளை விடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் தலைமாட்டில் நிறுத்தி வையுங்கள். தரையில் கிடத்திப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். காலையில் ஒருமுறை, அப்புறம் ராத்திரி விளக்கைப் போட்டு ஒருமுறை. வாரநாளில் அந்த அறையில் நீங்கள் இருப்பதே ராத்திரிதானே! 3000 கெல்வின் மஞ்சள் பல்பும் 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்டும் ஒரே கிரேயை இரண்டாக்கிக் காட்டும். பல்பை மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

பார்க்காமல் சொல்லச் சொன்னால், என் ஓட்டு பழுப்புச் சாயலுக்கு. பச்சையும் மோசமில்லை, மர அலமாரியோடு நன்றாகவே போகும்.

தலைமாட்டுச் சுவர் வெளிச்சுவரா என்று பாருங்கள். மழையில் ஓதம் ஏறி உப்பு பூத்தால் வெள்ளைச் சுவரில் அவ்வளவாகத் தெரியாது. டார்க் கிரேயில் வாசலிலிருந்தே தெரியும். கசிவைச் சரிசெய்து, சுவர் நன்கு காய்ந்த பிறகுதான் பெயின்டர் வரட்டும்.

மேட் ஃபினிஷ் போதும். பளபளப்பு கூடினால் பட்டி பார்த்த மேடுபள்ளமெல்லாம் விளக்கில் தெரியும். பெயின்ட் முழுவதையும் கடையில் ஒரே தடவையில் கலந்து வாங்குங்கள். பிறகு வாங்கும் அரை லிட்டர் அச்சாக ஒத்துப்போகாமல் போகலாம்.