கேர்ட் ஃப்ரோபே: கேளுங்கள், சொல்கிறேன்

1964இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' பாண்ட் படத்தின் வில்லன், ஜெர்மன் நடிகர் கேர்ட் ஃப்ரோபே (1913–1988) பற்றி வந்த கேள்விகள்.

கே: சினிமாவுக்கு முன்னால்?

ப: வயலின் வாசித்தார். அப்புறம் டிரெஸ்டனில் நாடக அரங்கில் திரை வரைந்தார்.

கே: எப்போதுமே குண்டுதானா?

ப: 1948இல் வந்த 'பெர்லினர் பல்லாடெ' பாருங்கள். போர் முடிந்து வீடு திரும்பும் சிப்பாய், எலும்பும் தோலுமாக நிற்பார்.

கே: கோல்ட்ஃபிங்கரில் சொந்தக் குரலா?

ப: இல்லை. அவருக்கு ஆங்கிலம் சரியாக வராது. கேட்பது மைக்கேல் காலின்ஸின் குரல். ஜெர்மன் பதிப்பில் ஃப்ரோபேயே பேசினார். தயவுசெய்து ஆங்கிலப் பதிப்பை மட்டும் வைத்து அவரை எடைபோடாதீர்கள்.

கே: இரவல் குரல் என்றால் பாதி நடிப்புதானே? எதற்கு இவ்வளவு புகழ்?

ப: சரி, இதற்கு விரிவாகவே சொல்கிறேன். 1958இல் ஒரு சுவிஸ்–ஜெர்மன் துப்பறியும் படம். திரைக்கதையில் சுவிஸ் எழுத்தாளர் டூரன்மாட்டின் பங்கு உண்டு. ஃப்ரோபே அதில் ஷ்ரோட், குழந்தைகளைக் கொல்பவன். காட்டில் ஒரு சிறுமிக்கு முன்னால் கைப்பொம்மையை ஆட்டிக் காட்டுவான். முகத்தில் அத்தனை குழைவு! அதே ஆள் வீட்டில் மனைவி அதட்டினால் கூனிக் குறுகிவிடுவான். அந்தப் பெரிய உடம்பு எப்படிச் சுருங்குகிறது என்று பாருங்கள். அதற்கு எந்தக் குரலும் தேவையில்லை. பாண்ட் படக்காரர்கள் இதைப் பார்த்துத்தான் அவரைப் பிடித்தார்கள்.

கே: நாஜியாமே?

ப: 1929இல் கட்சியில் சேர்ந்தார், 1937இல் விலகினார். இது 1965இல் பேச்சாகி, 'கோல்ட்ஃபிங்கர்' படத்துக்கு இஸ்ரேல் தடை போட்டது. போர்க்காலத்தில் தன்னையும் தன் தாயையும் ஃப்ரோபே ஒளித்துவைத்துக் காப்பாற்றினார் என்று ஒரு யூதர் முன்வந்து சொன்ன பிறகு தடை நீங்கியது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். பாதியைச் சொல்பவர்கள்தான் அதிகம்.

கே: கர்ட் யூர்கன்ஸும் இவரும் ஒருவர்தானே?

ப: இல்லை. அவர் 1977 பாண்ட் வில்லன். 'தி லாங்கஸ்ட் டே'யில் (1962) இரண்டு பேரும் உண்டு, எண்ணிக்கொள்ளுங்கள்.

கே: குழந்தைகளோடு பார்க்க?

ப: 'சிட்டி சிட்டி பேங் பேங்' (1968). ஷ்ரோட் வரும் அந்த 1958 படம் வேண்டாம், கண்டிப்பாக வேண்டாம்.

கே: கோல்ட்ஃபிங்கரில் குரல் யாருடையது?

ப: மேலே இருக்கிறது.

கே: குரல் டப்பிங்கா?

ப: மேலே!

கே: இரவல் குரல் பற்றிக் கேட்டவன்தான். உடம்பு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலின்ஸுக்குப் பங்கே இல்லையா?

ப: இருக்கிறது. படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரையே போடவில்லை. அந்த அநியாயத்துக்கு நானும் உங்கள் கட்சிதான்.