ஈரான்–ஈராக் போர்: பழி யாருக்கு? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் வாசிப்பு வட்டத்தில் சென்ற மாதம் ஈரான்–ஈராக் போரைப் பற்றிப் பேசினோம். பேச்சு சீக்கிரமே வாக்குவாதமாகிவிட்டது. படையெடுத்தவர் ஈராக் அதிபர் சதாம் உசேன், ஆகவே எட்டாண்டுப் போர் முழுவதற்கும் அவர் ஒருவரே பொறுப்பு என்றார் ஒரு நண்பர். அண்டை நாட்டு மக்களை அவர்களுடைய அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழச் சொன்ன ஈரானின் தலைவர் கொமேனிதான் போரை வலிய அழைத்தவர் என்றார் இன்னொருவர். அந்த இருவரையும் ஆட்டிவைத்தது அமெரிக்காதான் என்றார் மூன்றாமவர். கடைசியில் மூத்த நண்பர் ஒருவர், "இத்தனை ஆண்டுகள் கழித்துப் பழி பேசி என்ன ஆகப்போகிறது?" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவைத்தார். அந்த மூன்று வாதங்களும் எனக்கு நிறைவளிக்கவில்லை. அவர் முடித்துவைத்த விதமும் பிடிக்கவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
சி.மு.

அன்புள்ள சி.மு.,

உங்கள் நண்பர்கள் மூவரும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதாக எண்ணிக்கொண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறார்கள். எட்டாண்டு நடந்த போர் ஒரே செயல் அல்ல. பல முடிவுகளின் தொடர். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு தேதி உண்டு, அதை எடுத்தவர் உண்டு. பழியைத் தேதிவாரியாகப் பேசினால் வாக்குவாதத்தில் பாதி தானே அடங்கிவிடும் என்பது என் எண்ணம்.

தொடக்கத்தைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கம் இல்லை. 1980 செப்டம்பர் 17 அன்று சதாம் உசேன், 1975 இல் ஈரானுடன் தாமே கையெழுத்திட்ட அல்ஜியர்ஸ் எல்லை உடன்பாடு இனிச் செல்லாது என்று அறிவித்தார். ஐந்து நாள் கழித்து, செப்டம்பர் 22 அன்று, ஈராக்கிய விமானங்கள் ஈரானின் விமானத் தளங்களைத் தாக்கின. தரைப்படை எல்லையைக் கடந்தது. மன்னர் ஷாவின் ஆட்சியைக் கவிழ்த்த 1979 புரட்சிக்குப் பிறகு ஈரானின் இராணுவம் தளபதிகளை இழந்து சிதறிக் கிடந்தது, அமெரிக்காவுடனான உறவு முறிந்திருந்தது, சில வாரங்களில் வேலையை முடித்துவிடலாம் என்று பாக்தாத் கணக்குப் போட்டது. அண்டை வீட்டின் பலவீனத்தைப் பார்த்து எடுக்கப்பட்ட முடிவு அது. அதன் பொறுப்பை வேறு யாருடைய தலையிலும் கட்ட முடியாது.

உங்கள் இரண்டாவது நண்பர் சொல்லும் செய்திகள் பொய்யல்ல. ஈராக்கின் ஆட்சியைக் கவிழ்க்கும்படி தெஹ்ரானிலிருந்து வெளிப்படையான அறைகூவல் வந்துகொண்டிருந்தது. 1980 ஏப்ரலில் பாக்தாதில் ஈராக்கின் துணைப் பிரதமர் தாரிக் அஜீஸ் மீது கொலைமுயற்சி நடந்தது. அதே மாதத்தில் சதாமின் அரசு ஷியா அறிஞர் முகம்மது பாகிர் அல் சதரையும் அவருடைய சகோதரியையும் கொன்றது. எல்லையில் பீரங்கிச் சண்டைகள் மூண்டன. செப்டம்பர் 4 அன்று ஈரான் எல்லையூர்களைச் சுட்டதுதான் போரின் தொடக்கம் என்பது ஈராக் கடைசிவரை சொல்லிவந்த வாதம். ஆனால் சினமூட்டுவது வேறு, படையெடுப்பது வேறு. எல்லைச் சண்டைக்கு எல்லையில் விடை சொல்லலாம், முறையீட்டை ஐ.நா.வுக்குக் கொண்டுபோகலாம், அண்டை நாட்டின் ஒரு மாகாணத்துக்குள் படைப்பிரிவுகளை ஏவுவதை அந்த விடைகளுள் ஒன்றாக நான் ஏற்கமாட்டேன். மேலும், போருக்கு முந்தைய சினமூட்டல்களைத் தேடிக்கொண்டு பின்னோக்கிப் போனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் இன்னொன்று கிடைத்துக்கொண்டே இருக்கும். அந்தத் தேடல் எங்கே நிற்கும் என்பது தேடுகிறவர் எந்தக் கரையில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

கரை என்று சொன்னதும் அந்த ஆற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. டைக்ரிஸும் யூப்ரடீஸும் கூடி ஷாட் அல் அரப் என்ற பெயரில் பாரசீக வளைகுடாவில் கலக்கின்றன. அதன் கீழ்ப்பகுதிதான் இரு நாடுகளின் எல்லை. 1937 உடன்படிக்கைப்படி, ஈரானின் எண்ணெய்த் துறைமுகமான அபாதான் போன்ற சில இடங்களின் முகப்பு நீங்கலாக, ஆற்று நீர் ஈரானியக் கரை வரை ஈராக்குக்கே சொந்தம். அபாதானில் எண்ணெய் ஏற்றிய கப்பல் கடலை அடைய அயல்நாட்டு நீரைக் கடந்தாக வேண்டும். 1975 இல் அந்தக் கோடு ஆற்றின் ஆழமான நீரோட்டப் பாதைக்கு, அதாவது ஏறக்குறைய நடுவுக்கு, நகர்ந்தது. பாக்தாதுக்கு எதிராகக் கிளர்ந்த ஈராக்கியக் குர்து இனத்தவருக்கு அளித்துவந்த உதவியை ஷா நிறுத்திக்கொள்வது அதற்கு ஈடு. இந்த நடுக்கோட்டைத்தான் சதாம் அவமானம் என்றார், இதைத்தான் 1980 இல் அழிக்கப் புறப்பட்டார். போர் தொடங்கிய வாரத்திலேயே பல நாடுகளின் வணிகக் கப்பல்கள் டஜன் கணக்கில் ஆற்றுக்குள் சிக்கி, அங்கேயே துருப்பிடித்து மூழ்கின. எந்த ஆற்றுக்காகச் சண்டையோ அந்த ஆற்றில் எட்டாண்டுகள் இரு தரப்பாலும் கப்பல் விட முடியவில்லை. பின்னர் 1990 ஆகஸ்டில், குவைத்தைப் பிடித்து உலகத்தின் எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்ட இரண்டே வாரத்தில், ஈரானின் பக்கம் அமைதி தேவைப்பட்டபோது, அதே 1975 கோட்டை ஏற்பதாகச் சதாம் ஈரான் குடியரசுத் தலைவர் ரஃப்சஞ்சானிக்கு எழுதினார். பல லட்சம் பேரின் சாவுக்குப் பிறகு கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. இந்தப் போரைப் பற்றி நான் படித்தவற்றுள் என்னை மிகவும் கலங்கவைப்பது இந்தச் செய்திதான்.

ஆனால் உங்கள் முதல் நண்பரோடும் நான் முழுதாக உடன்படவில்லை. அவர் 1980 இல் கிடைத்த தீர்ப்பை 1988 வரை நீட்டிக்கொண்டு போகிறார். இடையில் 1982 மே 24 இருக்கிறது. ஈராக் பிடித்து வைத்திருந்த கொர்ரம்ஷர் நகரை ஈரானியர் அன்று மீட்டார்கள். கடுமையான தெருச்சண்டைக்குப் பிறகு வீழ்ந்த நகரம் அது. அந்தச் சண்டையின் நினைவாகக் 'குருதி நகரம்' என்று பெயர் மாற்றியே அழைத்தார்கள். அந்த மீட்பை ஒரு மக்களின் தற்காப்பு வெற்றியாகவே மதிக்கிறேன். அடுத்த மாதமே சதாம் ஈரானிய மண்ணிலிருந்து தம் படைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். எல்லா இடங்களிலிருந்தும் அவர் விலகிவிடவில்லை, அவருடைய சொல்லை நம்புவதற்கும் காரணம் இல்லை, இதெல்லாம் உண்மைதான். ஆயினும் பேச்சுவார்த்தைக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. ஜூலை 12 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை தன் 514ஆவது தீர்மானத்தில், போரை நிறுத்தி எல்லைக்குத் திரும்பும்படி இரு தரப்பையும் கேட்டது. அதற்கு மறுநாள் ஈரானியப் படைகள் பஸ்ராவை நோக்கி ஈராக்குக்குள் நுழைந்தன.

அந்த நாளிலிருந்து நடந்ததற்கு கொமேனியும் அவரைச் சூழ்ந்திருந்த தலைமையும் பதில் சொல்ல வேண்டியவர்கள். சதாம் பதவியிலிருந்து வீழ வேண்டும் என்ற நிபந்தனைக்காக, ஜெருசலேமுக்கான பாதை (ஈராக்கிலுள்ள ஷியா புனித நகரமான) கர்பலா வழியாகச் செல்கிறது என்ற முழக்கத்துக்காக, பதின்ம வயதுப் பையன்கள் பஸீஜ் என்ற தன்னார்வப் படையில் சேர்க்கப்பட்டுக் கண்ணிவெடி வயல்களை நோக்கி அலையலையாக அனுப்பப்பட்டார்கள். வேறு வழி இல்லை என்று எல்லா ஈரானியரும் நினைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. புரட்சிக்குப் பிந்தைய முதல் பிரதமரான மெஹ்தி பஸர்கானும் அவருடைய விடுதலை இயக்கமும், கொர்ரம்ஷர் மீட்கப்பட்ட பிறகும் போரைத் தொடர்வது தவறு என்று உள்நாட்டிலிருந்தே வெளிப்படையாக எதிர்த்தார்கள். ஆகவே இது பின்னால் வந்தவர்கள் வசதியாகச் சொல்லும் தீர்ப்பு அல்ல. நடந்துகொண்டிருந்தபோதே சொல்லப்பட்டு, கேட்கப்படாமல் போனது. முதலில் அடிபட்டவன் என்ற தகுதி ஆறாண்டுக் காலத்துக்கு எல்லாவற்றையும் நியாயமாக்கிவிடாது. அதேபோல், ஈரான் போரை நீட்டித்தது என்பதால், 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜாவில் தன் குடிமக்களான குர்துகளின் மேலேயே நச்சுவாயுவைக் கொட்டிய சதாமின் குற்றம் ஓரிழைகூடக் குறையாது.

மூன்றாவது நண்பருக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். அமெரிக்கா ஈராக்குக்கு உளவுத் தகவலும் கடனும் தந்தது. 1985–86 இல் மறைவாக ஈரானுக்கும் ஆயுதம் விற்றது. சோவியத் ஒன்றியமும் பிரான்சும் ஈராக்குக்கு ஆயுதம் தந்தன. சவூதி அரேபியாவும் குவைத்தும் பணம் தந்தன. எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியவர்களின் பழி சிறியதல்ல. ஆனால் அவர்களே எல்லாவற்றையும் ஆட்டிவைத்தார்கள் என்று சொல்லும்போது, பாக்தாதிலும் தெஹ்ரானிலும் முடிவெடுத்தவர்களைக் கேள்வியிலிருந்து விடுவித்துவிடுகிறோம். தம் இளைஞர்களைச் சாக அனுப்பிய இரு தலைவர்களுக்கு அந்த விடுதலை கிடைக்கக் கூடாது.

இனி, பழி பேசி என்ன பயன் என்று கேட்ட உங்கள் மூத்த நண்பர். அவருடைய சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தப் போரைப் பொறுத்தவரை அவர் சொல்வது வரலாற்றுக்கே மாறானது. போர் தொடங்கி ஆறு நாள் கழித்து, 1980 செப்டம்பர் 28 அன்று, பாதுகாப்பு அவை 479ஆவது தீர்மானத்தை நிறைவேற்றியது. சண்டையை நிறுத்தும்படி இரு தரப்பையும் அது கேட்டுக்கொண்டது. படையெடுத்தவர் யார் என்று சொல்லவில்லை, ஈரானிய மண்ணுக்குள் நின்றிருந்த ஈராக்கியப் படைகள் பின்வாங்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. அதன் பிறகு அந்த அவையைத் தெஹ்ரான் நம்பவே இல்லை. தாக்கியவரைப் பெயர்சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்பது ஈரானின் மாறாத நிபந்தனையாக நின்றது. பேச்சுவார்த்தையை மறுப்பதற்கு அங்கிருந்த கடும்போக்கினருக்கு அது வலுவான காரணமாகவும் பயன்பட்டது. 1987 ஜூலையில் நிறைவேறிய 598ஆவது தீர்மானத்தின் ஆறாவது பத்தி, போருக்கான பொறுப்பை நடுநிலையான அமைப்பு ஒன்றைக்கொண்டு விசாரிப்பது பற்றிப் பேசுகிறது. ஓராண்டு இழுத்தடித்த பிறகு ஈரான் ஏற்றுக்கொண்டதும், 1988 ஆகஸ்ட் 20 அன்று சண்டை நின்றதும் இந்தத் தீர்மானத்தின் பேரில்தான்.

அந்தப் பத்தியின்படி பொதுச்செயலாளர் பெரெஸ் டி குவெயர் தம் அறிக்கையை 1991 டிசம்பர் 9 அன்று அளித்தார். 1980 செப்டம்பர் 22 அன்று ஈராக் நடத்திய தாக்குதலை ஐ.நா. சாசனத்தின்படி நியாயப்படுத்த முடியாது என்று அது கூறியது. அதற்குள் ஈராக் குவைத்தின் மேலும் படையெடுத்துத் தோற்றிருந்தது. அப்படிச் சொல்வதால் யாருக்கும் எந்த இழப்பும் இல்லாத காலம் அது. அடுத்த கூட்டத்தில் 479, 598 ஆகிய இரு தீர்மானங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் மூத்த நண்பரையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டுமே குறுகியவை, பத்து நிமிடம் போதும். பிறகு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.