ஆயுள் முடிந்த செயற்கைக்கோளை ஏன் கீழே இறக்காமல் மேலே தள்ளுகிறார்கள்?

கோபி பக்கம் கொஞ்ச காலம் டிஷ் மாட்டும் வேலை பார்த்தவனுங்க நான். அதனால் இன்சாட்-4பி என்ற இஸ்ரோவின் டிவி செயற்கைக்கோளை வைத்தே சொல்கிறேன்.

2007 மார்ச்சில், பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன்-5 ராக்கெட்டில் போனது. 12 ஆண்டு உழைக்கும் என்று கணக்கு. 2010 ஜூலையில் இரண்டு சோலார் பேனல்களில் ஒன்று மின்சாரம் தருவதை நிறுத்தியதால், சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைத்துவிட்டார்கள். ஒரு டிடிஎச் நிறுவனம் பக்கத்திலிருந்த வேறொரு செயற்கைக்கோளுக்கு மாறியது. வானத்தில் இரண்டும் இருக்கும் இடத்துக்கு 2 டிகிரிதான் வித்தியாசம். ஆனால் அந்த 2 டிகிரிக்காக வீடுவீடாக மாடி ஏற வேண்டியிருந்தது. "ஏனுங்க, சீரியலுக்குள்ள வந்துருமுங்களா?" என்று கீழேயிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும்.

ஒரு பேனலை இழந்த அதே 4பி, 2022 வரை ஓடியது. பொதுவாக இவை உடைந்துபோய் ஓய்வு பெறுவதில்லை, எரிபொருள் தீர்வதால்தான். சூரியனும் நிலாவும் இழுப்பதால், இடம் விலகாமலிருக்க ஆண்டுக்குச் சுமார் 50 மீட்டர்/வினாடி வேகமாற்றத்துக்கான எரிபொருள் செலவாகும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த மாதிரி செயற்கைக்கோள் இருப்பது 35,786 கி.மீ. உயரத்தில், வினாடிக்கு 3 கி.மீ. வேகத்தில். அதைக் காற்றுமண்டலத்தில் விழவைக்க அந்த வேகத்தில் ஏறக்குறைய பாதியை, அதாவது 1,500 மீட்டர்/வினாடியைக் குறைக்க வேண்டும். அவ்வளவு எரிபொருளுக்கு எங்கே போவது? 340 கி.மீ. மேலே தள்ள 12 மீட்டர்/வினாடி போதும். மூன்று மாதச் செலவுதான். பங்க் வரை போக ரிசர்வில் பெட்ரோல் வைப்பதுபோல அதை ஒதுக்கிவைக்க வேண்டும். இதில் சிக்கல், எடையற்ற இடத்தில் டேங்கில் மிச்சம் எவ்வளவு என்று நேராகப் பார்க்க முடியாது. அழுத்தம், வெப்பம், இன்ஜின் எரிந்த நேரம் இவற்றை வைத்துக் கணக்குப் போடுவார்கள். கணக்குத் தப்பினால் வண்டி மற்ற செயற்கைக்கோள்களுக்கு இடைஞ்சலாக நடுரோட்டிலேயே நின்றுவிடும். வருமானம் வருகிற நேரத்தில் நிறுத்த மனசு வராதுதான், ஆனாலும் நிறுத்தியாக வேண்டும்.

4பி-க்குச் சர்வதேச வழிகாட்டுதல்படி 273 கி.மீ. உயர்த்தினாலே போதும். இஸ்ரோ 2022 ஜனவரி 17 முதல் 23 வரை 11 தடவை இன்ஜினை இயக்கி 340 கி.மீ. ஏற்றியது. 24-ஆம் தேதி அணைத்தார்கள். மிச்ச எரிபொருளும் பேட்டரியும் பின்னாளில் வெடித்துச் சிதறாதபடி காலி செய்துவிடுவது வழக்கம்.

4பி ஓய்வு பெற்றதற்காக யாரும் டிஷ்ஷைத் திருப்பவில்லை. 4பி-க்கான அதே 93.5 டிகிரி கிழக்கில் ஜிசாட்-15 என்ற இன்னொரு செயற்கைக்கோள் முன்னமே வந்துவிட்டிருந்தது. உங்கள் வீட்டில் இப்போது சிக்னல் இல்லையென்றால், டிஷ்ஷுக்கு முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பி-யின் கனெக்டரைக் கழற்றித் துடைத்துப் பாருங்க.