எம்.எல்.ஏ. பயணத்துக்கு டிக்கெட் எடுத்தது யார்?

எம்.பி., எம்.எல்.ஏ.க்களும் அவர்களிடம் வேலை பார்ப்பவர்களும் பிறர் செலவில் போகும் பயணங்களைப் பற்றி நெல்லை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கான பதில்கள்.

வள்ளியூர்: அண்ணாச்சி, எங்கள் பக்கம் காற்றாலைகள் அதிகம். ஒரு வெளிநாட்டு காற்றாலைக் கம்பெனி எம்.எல்.ஏ.வைத் தன் செலவில் அழைத்துப் போனால் அது தப்பா?

போவது தப்பில்லை, அனுமதி இல்லாமல் போவதுதான் தப்பு. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6ஆவது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. எம்.பி., எம்.எல்.ஏ., கட்சி நிர்வாகி, நீதிபதி, அரசு ஊழியர் யாராக இருந்தாலும், வெளிநாட்டில் அந்நிய விருந்தோம்பலை, அதாவது வெளிநாட்டார் செலவில் பயணம், தங்குமிடம், சாப்பாடு போன்றவற்றை ஏற்க மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும். எஃப்.சி.-2 படிவத்தோடு அழைப்புக் கடிதத்தையும் சேர்த்து, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னதாக உள்துறை அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். போன இடத்தில் திடீரென நோய்வாய்ப்பட்டு மருத்துவ உதவி பெற்றால் மட்டும் விலக்கு உண்டு. அதையும் ஒரு மாதத்துக்குள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

களக்காடு, ஓர் ஆசிரியை: அந்த அனுமதி விவரம் எங்களைப் போன்றவர்கள் கண்ணில் படுமா?

சிக்கலே இங்கேதான் அம்மா. விண்ணப்பமும் அனுமதியும் கோப்போடு நின்றுவிடுகின்றன. திரும்பி வந்தபின் ‘இவ்வளவு செலவு, இன்னார் கொடுத்தார்’ என்று ஊரறியக் கணக்குக் காட்டும்படி அந்தப் பிரிவு சொல்லவில்லை. மாநிலங்களவையில் உறுப்பினர் நலன்களுக்கு ஒரு பதிவேடு இருக்கிறது. ஊதியம் தரும் இயக்குநர் பதவி, கம்பெனிப் பங்கு, ஆலோசனைப் பணி என்று அதில் ஐந்து தலைப்புகள் உண்டு. பிறர் செலவில் போன பயணத்துக்குத் தலைப்பு இல்லை. மக்களவையில் அப்படிப் பதிவேடே இல்லை. இத்தனை காலம் இதை விட்டுவைத்திருப்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

பாளையங்கோட்டை, சட்டக் கல்லூரி மாணவர்: அமெரிக்காவில் இதற்கு என்ன ஏற்பாடு சார்?

அங்கேயும் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். ஜாக் அப்ரமோஃப் என்ற அரசியல் தரகர் அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களை ஸ்காட்லாந்துக்கு கோல்ஃப் ஆட அழைத்துப் போனார். அந்த விவகாரத்தில் பாப் நே என்ற உறுப்பினர் சிறைக்கே போனார். அதன்பிறகு 2007இல் விதிகளை இறுக்கினார்கள்.

அந்த நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் இப்போது பயணத்துக்கு 30 நாள் முன்பே நெறிமுறைக் குழுவிடம் கேட்க வேண்டும். திரும்பி வந்து 15 நாளுக்குள் படிவம் தர வேண்டும். அதில் செலவு செய்தவர் பெயர், போன ஊர், தேதி எல்லாம் இருக்கும். போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு என்று தொகையைத் தனித்தனியாக எழுத வேண்டும். குடும்பத்தில் யாராவது கூடப் போனார்களா என்றும் சொல்ல வேண்டும். நிகழ்ச்சி நிரலையும் இணைக்க வேண்டும். காலை எத்தனை மணிக்குக் கூட்டம், மத்தியானம் எங்கே போனார்கள் என்பதுவரை வாக்காளர் இணையத்திலேயே படிக்கலாம்.

2014இல் வருடாந்திரச் சொத்து அறிக்கையில் இந்தப் பயணங்களைக் காட்ட வேண்டாம் என்று நெறிமுறைக் குழு சத்தமில்லாமல் மாற்றியது. செய்தி வெளியே வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது, சில நாட்களிலேயே பழையபடி ஆக்கிவிட்டார்கள்.

முக்கூடல்: எம்.பி.யின் பி.ஏ. போனால்?

நல்ல கேள்வி. யாரை உள்ளே விடுவது, எந்த மனுவை மேலே வைப்பது என்பதெல்லாம் பல நேரம் பி.ஏ. கையில்தான். அமெரிக்காவில் ஊழியரும் இதேபோல் படிவம் தர வேண்டும், அனுப்பிய உறுப்பினரும் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே அரசு ஊழியராக இருந்தால் 6ஆவது பிரிவு அவரையும் கட்டும். எம்.பி. தானாக அமர்த்திக்கொண்ட தனியாள் என்றால், அந்தப் பிரிவில் அப்படி ஒருவரின் பெயரே இல்லை.

தென்காசி: உள்ளூர் முதலாளி டெல்லிக்கு விமான டிக்கெட் போட்டு, ஓட்டலில் ரூமும் எடுத்துக் கொடுத்தால்?

கொடுப்பவர் உள்ளூர்க்காரர் என்றால் அந்தச் சட்டம் வராது. மத்திய அரசு ஊழியர்களின் நடத்தை விதிகள் இலவசப் பயணத்தையும் தங்குமிடத்தையும் ‘பரிசு’ என்றே கணக்கில் வைக்கின்றன. ஒரு குமாஸ்தாவுக்கு இருக்கிற இந்தக் கட்டுப்பாடு, சட்டம் இயற்றுகிறவருக்கும் வர வேண்டும். கைமாறாக ஒரு காரியம் செய்து கொடுத்தால் ஊழல் தடுப்புச் சட்டம் பாயும். அவையில் போடும் ஓட்டுக்காக லஞ்சம் வாங்கினாலும் சிறப்புரிமை காப்பாற்றாது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது.

அம்பாசமுத்திரம்: இப்படிக் குடைந்தால் நல்ல விஷயம் பார்த்துவரப் போகிறவரும் போக மாட்டாரே அண்ணாச்சி?

கல்யாண வீட்டில் மொய் வாங்குவதை யாரும் தப்பாகச் சொல்வதில்லை. பெயரும் தொகையும் நோட்டில் ஏறிவிடுகிறது, அவ்வளவுதான். நீர் மேலாண்மையை நேரில் பார்த்து வந்து தாமிரபரணிக்கு நல்லது செய்கிறவரை நான் வாழ்த்தி அனுப்புவேன். எழுதி வைக்கத் தயங்குகிறவரிடம்தான் எனக்குக் கேள்வி இருக்கிறது.

திசையன்விளை: சரி, நான் ஒருத்தன் என்ன செய்ய முடியும்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உள்துறை அமைச்சகத்துக்கு மனுப் போடுங்கள். மத்திய அரசின் இணையதளத்திலேயே 10 ரூபாய் கட்டி அனுப்பலாம். ‘எங்கள் தொகுதி உறுப்பினர் இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை அந்நிய விருந்தோம்பலுக்கு அனுமதி கேட்டாரா? அழைத்தவர் யார்? எந்த நாடு, எத்தனை நாள்?’ என்று மட்டும் எழுதுங்கள். ‘ஏன் போனார்’ என்று கேட்காதீர்கள். காரண விளக்கம் கேட்டால் தட்டிக் கழிக்க வசதியாகிவிடும், ஆவணத்தில் இருப்பதைக் கேட்பதுதான் நல்லது. 30 நாளில் பதில் வர வேண்டும். தனிநபர் தகவல் என்று மறுத்தால், பொதுநலன் பெரிதானால் தரலாம் என்கிற 8(2) பிரிவைக் காட்டி அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். பதில் வந்ததும் ஒரு நகலை உங்கள் ஊர் நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.