சம்பளமும் சாட்டையும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் கோவில்பட்டியில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் வசூல் பிரிவில் இருக்கிறேன். வயது 29. நான்கு வருடமாக உங்களை வாசிக்கிறேன். இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

போன மாதம் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யின் சாட்டைக் காட்சியைப் பார்த்தால் இன்றும் விசிலடிக்க விரல் வாய்க்குப் போகிறது என்று எழுதினீர்கள். அதற்கு முந்தைய கட்டுரையில், திரையில் பார்த்தவர்களிடம் நாட்டைக் கொடுத்ததுதான் நம் வியாதி என்றீர்கள். ஜெயகாந்தனின் அரசியலைக் கிழித்துவிட்டு அடுத்த பத்தியிலேயே அவர்தான் என்னை எழுதவைத்தவர் என்கிறீர்கள். இதில் எதுதான் உங்கள் கருத்து?

இன்னொன்று. நான் ஒரு சினிமாக் கதை வைத்திருக்கிறேன், சுருக்கத்தை இத்துடன் அனுப்புகிறேன். வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். தெரிந்த அண்ணன் ஒருவர் சினிமாக் கதை டிஸ்கஷனில் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். வீட்டில் அம்மா மட்டும்தான். நீங்கள் பிரபலமான எழுத்தாளர், வாழ்க்கை முழுக்க அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியவர். பயந்து பயந்து எழுதிவிட்டோம் என்று ஒருநாளாவது தோன்றியிருக்கிறதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

பாராட்டி எழுதுகிறவர்கள் என் நாவலின் பெயரையே தப்பாக எழுதுவார்கள். கோபக்காரர்கள்தான் மாதம், பத்தி எல்லாம் சரியாகக் குறிப்பிடுகிறார்கள். அதனால் மன்னிப்பெல்லாம் வேண்டாம்.

முதலில் சாட்டை. அந்தப் படம் 1965இல் வந்தது. நான் பார்த்தது அதற்குப் பல வருடம் கழித்து, விக்கிரமசிங்கபுரத்தில், அம்மாவின் மடியில் பாதியும் மணலில் பாதியுமாக. அம்மாவுக்கு எம்.ஜி.ஆர். என்றால் உயிர். அப்பா மில் தொழிலாளி, சிவப்புக்கொடி சங்கம். மச்சானின் சவுக்கடிக்குப் பயந்து நடுங்குகிற ராமு இருந்த இடத்தில், அவனைப் போலவே இருக்கிற இளங்கோ வந்து நிற்கிறான், நம்பியார் கையிலிருந்த சவுக்கு எம்.ஜி.ஆர். கைக்குப் போகிறது. கொட்டகை இடிந்துவிழுகிற மாதிரி சத்தம். வீட்டுக்கு வந்து அம்மா அதைச் சொல்லும்போது அப்பா கேட்டார்: “சவுக்கு அங்கனயேதான கெடக்கு? கைதான மாறியிருக்கு?” அம்மா சொன்னாள்: “மாறுச்சுல்லா, அது போதும்.”

எனக்கு இன்றைக்கு வரை அந்தச் சண்டை தீரவில்லை. காட்சி வந்தால் அம்மாவோடு விசிலடிக்கிறேன், படம் முடிந்து எழுத உட்கார்ந்தால் அப்பா பேசுகிறார். இதில் ஒன்றை மட்டும் உண்மையான கருத்து என்று உங்களுக்கு எடுத்துக்கொடுத்தால், இன்னொருவருக்குத் துரோகம் செய்தது போலாகும். 1977இல் எம்.ஜி.ஆர். ஜெயித்த அன்று அப்பா சாப்பிடாமல் ஷிஃப்டுக்குப் போனார். அதிலும் ஒரு கூத்து உண்டு. அந்தத் தேர்தலில் அப்பாவின் கம்யூனிஸ்ட் கட்சி காங்கிரஸோடு நின்றது, இன்னொரு கம்யூனிஸ்ட் கட்சி எம்.ஜி.ஆரோடு நின்றது. மில்லில் அடுத்த தறிக்காரர் லட்டு கொடுத்தாராம், அவரும் தோழர்தான்.

ஜெயகாந்தன் விஷயமும் கிட்டத்தட்ட இப்படித்தான். கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்தவர் பின்னாளில் காங்கிரஸ் மேடைகளில் ஏறினார். 1969இல் அண்ணா இறந்து ஊரே அழுதுகொண்டிருந்தபோது அவரைக் கடுமையாக விமர்சித்துப் பேசினார். துணிச்சல் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அது ஒரு வீட்டு எழவில் போய் சண்டை போட்ட மாதிரிதான் படுகிறது. சரி, அதை வைத்து ‘அக்கினிப் பிரவேசம்’ கதையை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? மழையில் பஸ்ஸுக்கு நின்ற பெண் காரில் ஏறிக் கெட்டுப்போய் வீட்டுக்கு வருகிறாள், அம்மா அவளைக் கொன்றுபோடாமல் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அதை எழுதியவர் அப்புறம் எந்த மேடையில் ஏறினாலும் அந்தத் தண்ணீர் காய்ந்துவிடாது.

அந்தக் கதை விகடனில் வந்தபோது வாசகர்கள் கொதித்துப்போனார்கள். உங்களைப் போலத்தான், கடிதமாக வந்து குவிந்தது. கதையை மாற்றி எழுதியவர்கள்கூட உண்டு. ஜெயகாந்தன் அப்புறம், அந்த அம்மா அப்படித் தண்ணீர் ஊற்றாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று யோசித்து ஒரு நாவலே எழுதினார். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972இல் அதற்குச் சாகித்திய அகாதெமி பரிசு, 1977இல் பீம்சிங் இயக்கத்தில் படம். கோபமான கடிதங்களுக்கு அவர் நாவல் எழுதினார். நான் பதில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் இருவருக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான், அல்லது அவ்வளவு.

இனி நீங்கள் நிஜமாகக் கேட்க வந்த விஷயம்.

நம் ஆட்கள் எதைச் சாப்பிட்டு எழுதினார்கள் என்பதை யாரும் இலக்கிய வரலாற்றில் எழுதுவதில்லை. ஆ. மாதவன் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. வண்ணதாசன் வங்கியில் இருந்தார். நாஞ்சில் நாடன் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியாகப் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். வேலை பார்க்காமல் எழுத்தே கதி என்று இருந்தவர் என்றால் எனக்கு சி.சு. செல்லப்பாதான் நினைவுக்கு வருகிறார். 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி, புத்தகக் கட்டைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். கடைசிக் காலத்தில் ‘சுதந்திர தாகம்’ நாவலையும் தானே அச்சிட்டார். அதற்கு அகாதெமி பரிசு 2001இல் வந்தது, அவர் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது.

நீங்கள் போக நினைக்கிற வழியில் முதலில் போனவர்களில் புதுமைப்பித்தன் ஒருவர். பத்திரிகை வேலைகளில் ஒட்டாமல் சினிமாவுக்கு வந்தார். வசனம் எழுதினார், சொந்தமாகப் படம் எடுக்கக் கம்பெனி தொடங்கிப் பார்த்தார், அது நடக்கவில்லை. பாகவதரின் ‘ராஜமுக்தி’க்கு எழுத புனே போனவர் காசநோயோடு திரும்பினார். 1948இல் திருவனந்தபுரத்தில் காலமானபோது வயது 42. மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் புத்தகமாகக் கிடைக்கின்றன. டிஸ்கஷனுக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் ரயிலில் ஏறுவதற்கு முன்னால் அதை வாசிக்க வேண்டும் என்று சட்டம் போடலாம். அப்புறம் 31 வருடம் கழித்து மகேந்திரன் அவருடைய ‘சிற்றன்னை’யிலிருந்து ஒரு இழையை எடுத்து ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தார். கதையில் இருப்பதில் முக்கால்வாசி படத்தில் கிடையாது, படத்தின் கடைசியில் வருகிற ஆறும் கதையில் கிடையாது. இருந்தாலும் தமிழில் நான் மிக மதிக்கிற படம் அது. நாவலை அப்படியே எடுக்கவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவுக்குள்ளேயே 1952 முதல் 1966 வரை இருந்தவர். செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்பில் ஒட்டுகிற வேலை. இவன் சும்மாதானே இருக்கிறான் என்று எல்லோரும் அவர் மேஜைக்கு வந்து பேசிவிட்டுப் போவார்களாம். பேசவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ‘கரைந்த நிழல்கள்’ அப்படி வந்ததுதான். வேன் ஏற்பாடு செய்கிறவர்களும் சம்பள பாக்கிக்கு நிற்கிறவர்களும் அதில் கதாபாத்திரங்கள்.

என் பங்குக்கு நானும் போனேன். 2004 வாக்கில், என் சிறுகதை ஒன்றைப் படமாக்க வேண்டும் என்று ஒருவர் கூப்பிட்டார். பேர் வேண்டாம். மூன்று வாரம் ஈட்டிய விடுப்புக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்துவிட்டு வடபழனியில் ஒரு அறைக்குப் போனேன். ஆறு ஆண்கள், நான், ஒரு ஃபிளாஸ்க். என் கதையில் ஒரு டெலிபோன் ஆபரேட்டர் இரவு ட்யூட்டியில் யாரோ இருவர் பேசிக்கொள்வதைக் கேட்கிறாள். நான்காம் நாள் அவள் விமானப் பணிப்பெண் ஆனாள். பத்தாம் நாள் அவளுக்கு ஒரு தம்பி முளைத்தான், கதை தம்பியினுடையது ஆனது. பதினைந்தாம் நாள் அவள் இறந்துபோனாள், இடைவேளைக்கு முன்னாலேயே. அட்வான்ஸ் என்று கொடுத்த 25,000 ரூபாய் காசோலை திரும்பி வந்தது. திரும்பியதற்கு வங்கி என்னிடம் கட்டணம் பிடித்தது. பதினெட்டாம் நாள் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டேன். ஏதோ தன்மானத்தில் எழுந்துவந்தேன் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன், அது பொய். திங்கட்கிழமை எனக்கு ட்யூட்டி இருந்தது, அவ்வளவுதான். அந்த ட்யூட்டி இல்லாதிருந்தால், இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று அங்கேயே உட்கார்ந்து அவளை நானே நாலு விதமாகக் கொன்று கொடுத்திருப்பேன்.

பயந்து எழுதினேனா என்று கேட்டீர்கள். 1983இல் தொலைபேசி இலாகாவில் சேர்ந்தேன். வெளியூர் அழைப்புகளைக் குறித்துவைக்கும் டிரங்க் கால் சீட்டுகளின் பின்பக்கத்தில்தான் என் முதல் தொகுப்பு முழுக்க எழுதினேன். 2020 ஜனவரியில் கூட்டமாக விருப்ப ஓய்வில் வெளியே வந்தோம், அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. அத்தனை வருடத்தில் கதையில் எதையும் பயந்து மாற்றியதில்லை. ஆனால் ஒருமுறை எழுத்தாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஒரு கண்டன அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. அரசு ஊழியர் நடத்தை விதிகளைக் காரணம் சொன்னேன். பெண் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள், என் வீட்டுக்காரரின் வேலை நிரந்தரமில்லாமல் இருந்தது, இதெல்லாம் உண்மை. கேட்டுவந்த நண்பர் காபி குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவருடைய முகம் இப்போதும் தெரிகிறது. பெருமாள்முருகனும் அரசுக் கல்லூரி ஆசிரியர்தான். 2015 ஜனவரியில் மாவட்ட நிர்வாகம் கூட்டிய பேச்சுவார்த்தையில் ‘மாதொருபாகன்’ நாவலுக்காக அவரிடம் மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க வேண்டிவந்தது. அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல அடுத்த வருடம் ஜூலை ஆனது. ஆகவே சம்பளம் வந்தால் சுதந்திரம் வந்துவிடும் என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். தயாரிப்பாளருக்காக என் கதாநாயகியைக் கொல்லாமல் இருக்க அது உதவியது. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் கையைப் பிடித்துக்கொண்டது. இரண்டும் ஒரே சம்பளம்தான்.

எழுத்தில் வருகிற பணத்தையும் சொல்லிவிடுகிறேன். புத்தகம் 300 ரூபாய், ராயல்டி பத்து சதவீதம் என்றால் பிரதிக்கு 30 ரூபாய். 400 பிரதி போனால் 12,000. என் ஐந்தாவது நாவல் அந்த 400ஐத் தாண்ட இரண்டரை வருடம் ஆனது. நான் பிரபலமான எழுத்தாளர் என்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது, நன்றி.

சினிமா வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் ஊர்ப்பக்கத்து பூமணியையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுறவுத் துறையில் அதிகாரி. 1982இல் ‘வெக்கை’ எழுதினார், அது ‘அசுரன்’ ஆக 37 வருடம் ஆனது. நடுவில் அவரே ‘கருவேலம்பூக்கள்’ என்று ஒரு படம் எடுத்தார், உங்கள் ஊர்த் தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளைப் பற்றி. சென்னை அறையில் ஆறு பேர் உட்கார்ந்து பிடித்த கதையில்லை அது.

அப்புறம், ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. என்னைப் பற்றி, எம்.ஜி.ஆரைப் பற்றி, ஜெயகாந்தனைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், உங்கள் வேலையைப் பற்றி ‘வசூல் பிரிவு’ என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திவிட்டீர்கள். வாரத் தவணைக்குக் குழுப் பெண்களை வட்டமாக உட்காரவைத்து, ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்களையும் எழுந்துபோக விடாமல் வைத்திருப்பார்களே, நீங்கள் அந்த வட்டத்தில் எங்கே நிற்பீர்கள்? அவர்கள் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள், தம்பி என்றா, சார் என்றா? நீங்கள் வருவது தெரிந்து பின்வாசல் வழியாகப் போனவர்கள் யாராவது உண்டா? ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ எழுதத் தூத்துக்குடி உப்பளத்துக்கு வெளியாளாகத்தான் வந்து நின்றார். உங்களுக்கு அந்த வீடுகளெல்லாம் கதவு எண்ணோடு தெரியும். நீங்கள் அனுப்பிய கதைச் சுருக்கத்தில் நாயகன் துபாயிலிருந்து திரும்பும் ஐ.டி. இளைஞன்.

டிஸ்கஷனுக்குப் போகத்தான் வேண்டும் என்றால் பத்து நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள். எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் காசோலை பணமாகிவிட்டதா என்று பாருங்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை.

அன்புடன்,
அக்கா